பதினேழு வினாடிக் குதிரை

வேட் கால்டரைக் குதிரையில் முந்த ஆள் பிறக்கவில்லை என்று 1915-ஆம் வருஷம் அமெரிக்கா முழுக்க நம்பியது. ஹாலிவுட்டில் மட்டும் யாரும் நம்பவில்லை. நம்பாதவர்கள் வாயைத் திறக்கவும் இல்லை. அவரவர் சோறும் அதே அடுப்பில்தான் வெந்துகொண்டிருந்தது.

வாரத்துக்கு ஒரு படம். இரண்டு சுருள், அரை மணி நேரம். ஒன்று, வேட் ஒரு கெட்டவனைத் துரத்துவான். இல்லாவிட்டால் கெட்டவர்கள் கும்பலாகச் சேர்ந்து அவனைத் துரத்துவார்கள். அவன் ஏறும் குதிரைக்குத் திரையில் மின்னல் என்று பெயர். லாயத்தில் பிஸ்கட் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். கம்பெனி முதலாளி பம்ஃப்ரி அதை ஒரு சலவைக்காரரின் வண்டியிலிருந்து அவிழ்த்து வாங்கி வந்திருந்தார். காதருகே துப்பாக்கி வெடித்தாலும் மிரளாது, விளக்கை மூஞ்சியில் அடித்தாலும் மிரளாது. அந்த ஒரு குணத்துக்காகத்தான் வாங்கினார். அது வேகமாக ஓடாது என்று அவர் கவலைப்படவில்லை. வேகத்துக்கு கஸ் இருந்தார்.

கஸ் லிண்ட்க்விஸ்ட் கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவர். சுவீடனிலிருந்து வந்தவர், ஐம்பது வயது, வலது கை மட்டும் இடது கையைவிட ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். வினாடிக்கு இரண்டு சுற்று என்பது கணக்கு. கணக்குத் தப்பாமலிருக்கக் கேமராக்காரர்கள் வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவார்கள். காதல் காட்சிக்கும் நீதிமன்றக் காட்சிக்கும் கஸ் ஒரு தேவாலயப் பாட்டு வைத்திருந்தார். துரத்தல் வந்தால் அம்மா பாடிய தாலாட்டுக்கு மாறிவிடுவார். கை மெதுவாகச் சுற்றினால் திரையில் குதிரை பறக்கும். ரகசியம் அவ்வளவுதான். கஸ் எவ்வளவு தூங்கி வழிகிறாரோ, வேட் கால்டர் அவ்வளவு வேகமாக நியாயத்தை நிலைநாட்டுவான்.

அந்தப் பெயரும் பம்ஃப்ரி வைத்ததுதான். ஒஹாயோவில் அவன் அப்பா அம்மா வைத்த பெயர் வெண்டல் ப்ளம். பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் இருந்தான். "குதிரை ஏறத் தெரியுமா?" என்று பம்ஃப்ரி கேட்டபோது தெரியும் என்றான். அது பொய்யில்லை. ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், விழ வேண்டிய காட்சியில் பார்ப்பவர் நெஞ்சு பதறும்படி விழத் தெரியும். பாய்ச்சல் மட்டும்தான் அவனுக்கும் பிஸ்கட்டுக்கும் ஒத்துவரவில்லை. அதற்காக அவன் வெட்கப்பட்டதும் இல்லை. "மூஞ்சி என்னுது, காலு பிஸ்கட்டோடது, வேகம் கஸ்ஸோடது. கூட்டு வியாபாரம்" என்பான்.

ஒரே ஒரு குறை அவனுக்கு இருந்தது, அதைச் சொல்லிக்கொண்டதில்லை. நாடகத்தில் எதிரே ஜனம் இருக்கும். சிரிக்கும், மூக்கைச் சிந்தும், பிடிக்காவிட்டால் முட்டைக்கோஸ் எறியும். மூன்று வருஷமாக அவன் எதிரே கேமராவின் கண்ணாடிச் சில்லுதான் இருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் மெர்வின் டாட். விளம்பரப் பிரிவுக்குப் புதிதாகச் சேர்ந்தவன், பாஸ்டன்காரன், பெரிய படிப்புப் படித்தவன். படித்த படிப்புக்கு ஏற்ற தப்பைச் செய்தான். விளம்பரத்தில் உண்மையை எழுதவேண்டும் என்று நினைத்தான்!

மின்னல் எப்போதும் கம்பெனியின் வேலியோரமாகத்தான் ஓடும். மெர்வின் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அந்த வேலியை அளந்தான். முதல் கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை சரியாகக் கால் மைல். பிறகு படம் ஓட்டும் அறையில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்து, திரையில் மின்னல் முதல் கம்பத்தைத் தாண்டியதும் அழுத்தினான், கடைசிக் கம்பத்தில் நிறுத்தினான். மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் பதினேழு வினாடி. "கால் மைல், பதினேழு வினாடி: அளந்து பார்த்த உண்மை" என்று நாற்பது பத்திரிகைக்கு அனுப்பிவிட்டான்.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். இது அப்பாவியின் புளுகு, ஆறாம் நாளே கடிதம் வந்துவிட்டது. அரிசோனாவில் பிட்டர் வெல் என்கிற ஊரிலிருந்து, மாட்டுப் பண்ணைக்காரர்கள் அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாங்கள் பிறந்ததே குதிரை மேல், எங்கள் கண் பார்க்க எந்தக் குதிரையும் கால் மைலை இருபத்திரண்டு வினாடிக்குக் கீழே ஓடியதில்லை, ஜூலை நாலாம் தேதி எங்கள் திடலில் வந்து ஓடிக் காட்டட்டும், வராவிட்டால் இந்த வட்டாரத்தில் இனி அந்த ஆளின் படம் ஓடாது என்று எழுதியிருந்தது. ஊர் வாயை மூடிவிடலாம் என்றால் கடைசிக் கையெழுத்து வேறு மாதிரி இருந்தது. பதினெட்டு சினிமாக் கொட்டகை வைத்திருந்த மிஸஸ் ஹெட்டி க்ரம்ப்பின் கையெழுத்து அது.

பம்ஃப்ரி கடிதத்தை மேசைமேல் அறைந்தார். எதிரே வேட், கஸ், மெர்வின்.

"பதினேழாம்ல, பதினேழு! யோவ் மெர்வின், உனக்கு யாருய்யா சொன்னது?"

"நானே எண்ணினேன் சார். மூணு தடவை."

"எங்க வெச்சு எண்ணின?"

"திரையில சார்."

 கஸ் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்து, பெரியவர் அழுகிறாரோ என்று மெர்வின் பயந்துவிட்டான்.

"தம்பி, நீ எண்ணினது குதிரையை இல்லடா. என் கையை" என்றார் கஸ், தொப்பியிலிருந்து நிமிர்ந்து.

விஷயம் புரிந்ததும் மெர்வினுக்கு முகம் வெளுத்துப்போனது. "அப்போ நான் அச்சடிச்சது பொய்யா?" என்றான். ஹாலிவுட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

"நான் போறேன்" என்றான் வேட்.

"போயி?"

"ஓடறேன்."

"தோத்துத் தொலைவ."

"தோத்தா என்ன? உயிரா போயிடும்?"

"உன் உயிரு போனா எனக்குச் செலவு மாலையோட முடிஞ்சிரும்யா. பதினெட்டுக் கொட்டகை போனா?" பம்ஃப்ரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் குரல் இறங்கினால்தான் பயப்படவேண்டும் என்று வேட்டுக்குத் தெரியும். "இதைக் கேளு. பாதி தாண்டினதும் பந்தயப் பாதையோரமா ஒரு தண்ணிப் பீப்பா இருக்கும். அது பக்கத்துல மெர்வின் நிப்பான். கைக்குட்டையைக் கீழ போடுவான். உடனே நீ விழற. உன்ன மாதிரி விழ இந்த ஊர்ல ஆள் கிடையாது. கணுக்கால்ல ஒரு கட்டு, மூஞ்சியில ஒரு சிரிப்பு. 'பாவம், விழாம இருந்தா ஜெயிச்சிருப்பான்'னு ஜனம் பேசிக்கிட்டே வீட்டுக்குப் போவும்."

"குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலங்கறீங்க."

"உனக்குத்தான் மீசையே இல்லையே, அப்புறம் என்ன கவலை? ஜூலை பத்தாம் தேதியோட உன் ஒப்பந்தம் முடியுது. விழுந்தேன்னா இன்னும் மூணு வருஷம், கையெழுத்துப் போட்டுத் தரேன். விழாம கடைசியா வந்து அம்போன்னு நின்னேன்னு வை, ஜெயிச்சவன் எவனோ அவன்தான் அடுத்த வேட் கால்டர்."

"அடுத்த வேட் கால்டரா?"

"ஆமா. பேரு கம்பெனியோடது. நான் வெச்ச பேரு. எவன் தலையில வேணா மாட்டிவிடுவேன்."

மற்றதெல்லாம் வேட்டைத் தொடவில்லை. இது தொட்டது. சம்பளம் போனால் வேறு கம்பெனி இருக்கிறது, தெருவுக்கு நாலு முளைத்துக்கொண்டிருந்தன. ஆனால் மூன்று வருஷம் அவன் உடம்பைக் கொடுத்து வளர்த்த ஆள் வேட் கால்டர். நாளைக்கு வேறொருவன் அந்தப் பெயரில் சுவரொட்டியிலிருந்து சிரிப்பான், ஊர் அவனைப் பார்த்துக் கைதட்டும், இவன் மறுபடி வெண்டல் ப்ளம் ஆகி வரிசையில் நிற்பான். அவனுக்குக் கோபமாக வந்தது. "சரி முதலாளி, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னான். விழுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பம்ஃப்ரி அதை விழுவேன் என்று எடுத்துக்கொண்டார்.

ஜூலை நாலாம் தேதி காலை பத்து மணிக்கே பிட்டர் வெல்லில் வெயில் மண்டையைப் பிளந்தது. சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. பலகையடித்த பந்தலில் இடமில்லாமல் வேலியெல்லாம் ஆட்கள் காக்கை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சைச் சாறும் பீச் பழப் பணியாரமும் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தன. கஸ் பந்தயப் பாதை முடிகிற கோட்டருகே கேமராவை நட்டுவிட்டு நிழல் தேடிக்கொண்டிருந்தார்.

பிஸ்கட்டை ரயில் பெட்டியிலிருந்து இறக்கி அழைத்து வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. வழியின் நடுவில் ஒருவர் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒட்டின கன்னம், மாட்டுக் கயிறு சுற்றி இழுத்ததில் வலது கையில் கட்டைவிரல் பாதிதான் இருந்தது. ஏசா கிரிம்ஸ், அந்த வட்டாரத்தின் முதல் குதிரைக்காரர். பக்கத்தில் அவர் மனைவி லுவெல்லா, வேட்டை மேலிருந்து கீழ்வரை அளந்தபடி.

"இதுதான் மின்னலா?" என்றார் ஏசா.

"இதேதான்."

"இடி எப்போ வரும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேட்டும் சிரித்தான். நல்ல வசனத்துக்குச் சிரிக்காமலிருக்க அவனால் முடியாது.

"அவசரப்படாதீங்க. நாங்க ரெண்டு பேருமே கொஞ்சம் நிதானம்" என்றான்.

ஏசா பிஸ்கட்டின் கழுத்தைத் தடவினார். கை தோள்பட்டைக்கு வந்ததும் நின்றது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார். "இது வண்டிக் குதிரை. பட்டை உரசின தழும்பு இன்னும் இருக்கு. இதை வெச்சுக்கிட்டா ஓட வந்தீங்க, நடிகரே?"

"இதை வெச்சுக்கிட்டுதான் மூணு வருஷமா நியாயத்தை நிலைநாட்டிக்கிட்டிருக்கேன்."

"பதினேழு?"

வேட் தொப்பியின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"உங்க மேல எனக்கொண்ணும் கோவமில்ல" என்றார் ஏசா. "உங்க படம் வந்தா எம் பொண்டாட்டி மூணு தடவை இழுத்துட்டுப் போவா. ஆனா எனக்கு ஒரு பெண்குதிரை இருந்தா. இருபத்திரெண்டரை ஓடினா. அந்தக் கோட்டைத் தாண்டி நின்னவ அப்படியே சாஞ்சா, எந்திரிக்கல. உசிரைக் கொடுத்து வாங்கின இருபத்திரெண்டரை அது. எவனோ ஒருத்தன் பேப்பர்ல பதினேழுன்னு போட்டா, அவளைக் கேலி பண்ற மாதிரி இருக்குதுங்க."

இவ்வளவு நாளில் முதன்முறையாக வேட்டுக்கு வெட்கமாக இருந்தது. சினிமாவில் வேகத்தைக் கூட்டுவது அவனுக்குத் தப்பாகத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. நாடகத்தில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு ராஜா என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் கொட்டகைக்கு வெளியே, உயிரோடு ஓடிய குதிரைகளின் பக்கத்தில் அந்த அட்டையைக் கொண்டுபோய் வைத்தாயிற்று. இப்போது பீப்பா பக்கத்தில் விழுந்தால் அந்தப் பதினேழு அப்படியே நிற்கும். 'விழாமல் இருந்தால் ஓடியிருப்பான்' என்று ஊர் சொல்லும். ஏசாவின் குதிரை செத்தது செத்ததுதான், அதற்கு மேல் தோற்றதாகவும் ஆகிவிடும்.

"உங்க குதிரை பேரு என்ன?" என்று கேட்டான்.

"செத்ததுக்குப் பேரு எதுக்கு? போய் ஏறுங்க."

நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஏசாவும் இரண்டு இளவட்டங்களும் நாலாவதாக வேட்டும். அறிவிப்பாளர் ஒலிக்குழாயை வாயில் வைத்து, பத்திரிகையில் வந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தார். "கால் மைல்! பதினேழு வினாடி! அளந்து பார்த்த உண்மை!" என்று முடித்தபோது பந்தலே குலுங்கியது. யாரோ ஒருவன் எழுந்து நின்று, "எல்லாரும் சேந்து எண்ணுவோம்டா!" என்று கத்தினான். அங்கேதான் வினை பிறந்தது.

துப்பாக்கி வெடித்தது. மூன்று குதிரைகள் பாய்ந்தன. பிஸ்கட் நின்ற இடத்தில் நின்றது. துப்பாக்கிக்கு மிரளாத குதிரை துப்பாக்கிக்கு ஓடவும் ஓடாது என்பது அந்த நிமிஷம் வரை யாருக்கும் தோன்றவில்லை, வேட் உட்பட.

"ரெண்டு! மூணு!" என்று ஜனம் எண்ணியது.

வேட் குனிந்து அதன் காதில், "பிஸ்கட், வேலை நேரம்" என்றான். குதிரை கிளம்பியது.

கிளம்பியது என்றால் நன்றாகவே கிளம்பியது. அதற்குத் தெரிந்த ஒரே ஓட்டத்தை, தலையைத் தூக்கி, கால் பிசகாமல் ஓடியது. முன்னால் போன மூன்றும் கிளப்பிய புழுதிதான் வேட்டுக்குத் தெரிந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொன்றையும் நீட்டி நீட்டி எண்ணினார்கள். பதினைந்து வந்தபோது வேலியில் உட்கார்ந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பதி-னே-ழு!" என்று மொத்த ஊரும் ஒரே குரலில் கத்தியது. வேட் பாதி தூரம்கூட வரவில்லை.

அவன் தொப்பியைக் கழற்றி, பந்தலைப் பார்த்து உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான். கணக்குச் சரிதான், எனக்கும் காது கேட்கிறது என்பதுபோல. சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. ஆனால் அதில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. பன்னிரண்டு வருஷம் மேடையில் நின்றவனுக்கு அது முதுகிலேயே தெரியும். முதல் சிரிப்பு அவனைப் பார்த்துச் சிரித்தது. இது அவனோடு சிரித்தது.

இருபத்து மூன்றில் ஏசா கோட்டைத் தாண்டினார். அடுத்த இரண்டு எண்ணுக்குள் மற்ற இருவரும் தாண்டினார்கள். பாதை காலியானது. புழுதி அடங்கியது. ஐயாயிரம் கண்ணுக்கு முன்னால் ஒரு வண்டிக் குதிரையும் அதன்மேல் ஒரு நடிகனும் மட்டும் மிச்சம்.

இருபத்தாறில் பீப்பா வந்தது. மெர்வின் கைக்குட்டையைப் போட்டான்.  வேட்டின் இடது பாதம் பழக்கத்தில் கால் வைக்கும் அங்கவடியிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. ஒரு சாய்வு போதும். மூன்று வருஷம், பெயர், சுவரொட்டி எல்லாம் அந்தச் சாய்வில் இருந்தன. விழுவது அவனுக்கு மூச்சு விடுவதுபோல. அவன் பாதத்தைத் திரும்ப அங்கவடிக்குள் நுழைத்தான்.

நாடகக் கம்பெனியில் முதல் வருஷம் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மேடையில் எல்லாம் கெட்டுப்போனால் அவசரப்படாதே. அவசரப்பட்டால்தான் ஜனத்துக்குத் தெரியும். அவன் பிஸ்கட்டை விரட்டவில்லை. முதுகை நிமிர்த்தினான். கோட்டுக்கு அந்தப்புறம் யாரோ தனக்காகக் காத்திருக்கிறார்கள், தாமதமானாலும் போய்ச் சேரவேண்டும் என்பதுபோல் கண்ணை அங்கே வைத்தான். அந்த முகத்தைக் கொட்டகையில் ஊர் நூறு தடவை பார்த்திருக்கிறது. உயிரோடு இப்போதுதான் பார்க்கிறது. அவனுக்கோ மூன்று வருஷம் கழித்து எதிரே ஜனம்! 

முப்பதில் எண்ணிக்கை தயங்கியது. சிரித்தவர்களில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். பந்தலில் ஒரு பெண் குரல் மட்டும் விடாமல் எண்ணியது. "முப்பத்தொண்ணு! முப்பத்திரெண்டு!" பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள். முப்பத்தைந்தில் அது கேலி இல்லை. ஒவ்வொரு எண்ணாலும் அந்தக் குதிரையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டில் பிஸ்கட் கோட்டைத் தாண்டியது. அன்று ஜெயித்தவருக்குக்கூட அவ்வளவு சத்தம் கிடைக்கவில்லை.

வேட் நேராக அறிவிப்பாளரிடம் போய், குதிரைமேலிருந்தபடியே ஒலிக்குழாயை வாங்கினான்.

"அய்யா, அம்மா, எல்லாருக்கும் ஒரு விஷயம்! பேப்பர்ல வந்த பதினேழு குதிரையோடது இல்ல. அதோ பணியாரம் தின்னுக்கிட்டிருக்காரே கேமராக்காரர் கஸ், அவரு கையோடது. அவரு மெதுவா சுத்துவாரு, நாங்க திரையில வேகமா ஓடுவோம். இங்க ஓடின குதிரைங்க கிட்ட அந்தப் பதினேழுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இப்ப உயிரோட இருக்கறதுங்க கிட்டயும், இல்லாததுங்க கிட்டயும்." மூச்சு வாங்கிக்கொண்டான். "இந்த முப்பத்தெட்டு மட்டும் எங்களோடது. இதை யாருக்கும் விட்டுத்தர மாட்டோம்!"

ஜனம் வேலியைத் தாண்டிக் குதித்தது.

கூட்டத்துக்குப் பின்னால் பம்ஃப்ரி வியர்த்துக் கொட்டியபடி ஏசாவின் குதிரையைப் பிடித்து நிறுத்தினார். தொழில் ரகசியத்தை ஒருவன் ஒலிக்குழாயில் கத்திவிட்டானே என்ற ஆத்திரத்தில் அவர் காது மடல்கூடச் சிவந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை உருவினார். வேட் இரண்டடி தூரத்தில்தான் இருந்தான். அவனுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கப் பேசினார்.

"மிஸ்டர் கிரிம்ஸ், இன்னையிலேருந்து நீங்கதான் வேட் கால்டர். வாரத்துக்கு ஒரு படம், வீடு, கார் எல்லாம் கம்பெனி கொடுக்கும். கையெழுத்துப் போடுங்க."

 வேட்டுக்கு அதுவரை இருந்த தெம்பெல்லாம் அந்தக் காகிதத்தைக் கண்டதும் ஒரு நொடி வற்றிப்போனது.

ஏசா காகிதத்தை வாங்கிப் படித்தார். நிதானமாக, கடைசி வரி வரை.

"நான்தானே ஜெயிச்சேன்?" என்றார்.

"பதினைஞ்சு வினாடி முந்தி!"

"ஜெயிச்சு முடிச்சதும் திரும்பிப் பாத்தேன், எம் பொண்டாட்டி என்னைப் பாத்துச் சிரிப்பாளேன்னு. இருபது வருஷமா ஒவ்வொரு பந்தயத்துலயும் சிரிப்பா. இன்னைக்கு அவ பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டு 'முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு'ன்னு கத்திக்கிட்டிருக்கா. சரி எதைத்தான் அப்படிப் பாக்கறான்னு நானும் பாத்தேன்." காகிதத்தை மடித்தார். "நானும் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்யா. என் குதிரை தண்ணிக்குக் காத்துக்கிட்டிருக்கறதே எனக்கு மறந்துபோச்சு."

"அதனால?"

"அதனால இந்தப் பேரு எனக்கு வேணாம். எனக்கு அது பெருசு. அவரைத் துரத்தற வேலை இருந்தா கொடுங்க. துரத்தணும், ஆனா பிடிக்கக் கூடாது, அதானே? என் குதிரையை வெச்சுக்கிட்டு இவரைப் பிடிக்காம இருக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. கூலி கொஞ்சம் கூட்டித்தான் கேப்பேன்."

பம்ஃப்ரி சுற்றிலும் பார்த்தார். ஜனம் ஏசாவைச் சுற்றி நிற்கவில்லை. பிஸ்கட்டைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. வரிசையில் முதல் ஆளாக, பதினெட்டுக் கொட்டகை மிஸஸ் க்ரம்ப், குடையை மடித்துக் கையில் இடுக்கிக்கொண்டு நின்றார். "இவரு படம் வாரத்துக்கு ஒண்ணுதானா? ரெண்டா அனுப்ப முடியாதா?" என்று பம்ஃப்ரியைப் பார்த்துக் கேட்டார். பம்ஃப்ரிக்கு மறுபடி வியர்த்தது. இந்தத் தடவை வேறு காரணம்.

அவர் ஏசாவிடமிருந்து காகிதத்தை வாங்கி வேட்டின் பக்கம் நீட்டினார். முகத்தில் ஒன்றுமே நடக்காத பாவனை. நடிகனைவிட முதலாளிதான் நன்றாக நடிப்பார் என்று ஹாலிவுட்டில் சொல்வார்கள்.

"மூணு வருஷம். போடு."

வேட் காகிதத்தைத் தொடவில்லை. "அஞ்சு வருஷம். பேரு என் பேருக்கு எழுதிக் கொடுக்கணும். இன்னொண்ணும் இருக்கு."

"இன்னும் என்னய்யா?"

வேட் கூட்டத்தில் மெர்வினைத் தேடினான். அவன் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, வேலை போயிற்று என்ற முகத்தோடு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான்.

"மெர்வின்! நாற்பது பேப்பருக்கும் எழுது. கால் மைல், முப்பத்தெட்டு வினாடி, அளந்து பார்த்த உண்மை. இந்தத் தடவை தரையில எண்ணினதுன்னு போடு."

"எழுதறேன் சார்!" மெர்வினின் முகம் மலர்ந்தது.

"பைத்தியமாய்யா உங்களுக்கெல்லாம்?" பம்ஃப்ரி கத்தியேவிட்டார். "முப்பத்தெட்டு வினாடிக் குதிரையைக் காசு கொடுத்து எவன்யா பாக்க வருவான்?"

ஏசா கிரிம்ஸ் பந்தல் பக்கம் திரும்பினார். லுவெல்லா இன்னும் பெஞ்சை விட்டு இறங்கவில்லை.

"எம் பொண்டாட்டி வருவா" என்றார். "மூணு தடவை. டிக்கெட்டுக்கு நான்தான் அழணும்."

பம்ஃப்ரி அந்த வரிசையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்து, பெயர் இனி வேட்டுக்கே என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்து, மூன்று என்பதை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார்.